ஒரு டன் பச்சை மரத்தில் எத்தனை கிலோ விறகு?

ஒரு டன் பச்சை மரம் வாங்குகிறீர்கள். புதிதாக வெட்டிய கட்டை. அதன் எடையில் 45 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 450 கிலோ தண்ணீர், 550 கிலோ மரம். நன்றாக எரிகிற விறகில் 20 சதவீத ஈரம் இருக்கலாம். அந்த நிலைக்குக் காய்ந்து வரும்போது உங்கள் ஒரு டன் 688 கிலோவாக நிற்கும். அறுக்கும்போது தூளாகப் போவது, உதிரும் பட்டை, உளுத்த துண்டு என்று இன்னும் 5 சதவீதம் கழித்தால் விற்க மிஞ்சுவது 650 கிலோ. கிலோவுக்கு நீங்கள் கொடுத்த விலை, விறகு காய்ந்து முடியும்போது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. கூலி, வண்டி, இடவாடகை, இயந்திரத் தேய்மானம், லாபம் எல்லாம் அதற்கு மேல்தான்.

புதிதாக விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை, வைப்பவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் விலையை விசாரிப்பதில் தொடங்குகிறார்கள். தொழில் படுப்பதோ வேறு இடத்தில்: தண்ணீரை மரத்தின் விலைக்கு வாங்கும் இடத்தில். அதனால் ஈரத்திலிருந்தே தொடங்குவோம்.

ஈரத்தை அளப்பது

ஈரத்தைச் சொல்ல இரண்டு கணக்குகள் இருக்கின்றன. தண்ணீரின் எடையை மொத்த எடையால் வகுப்பது ஒன்று. தண்ணீர் முழுக்க வற்றிய மரத்தின் எடையால் வகுப்பது இன்னொன்று. விறகு, கொதிகலன் சார்ந்தவர்கள் முதல் கணக்கைப் பேசுவார்கள். தச்சு மரக்காரர்கள் இரண்டாவதை. கடையில் கிடைக்கும் ஊசி வைத்த ஈரமானிகள் பெரும்பாலும் இரண்டாவது கணக்கில்தான் எண் காட்டும். மானியில் 25 என்று வந்தால் விறகுக் கணக்கில் அது 20. வாங்குபவர் ஒரு கணக்கிலும் நீங்கள் வேறு கணக்கிலும் பேசினால் வீண் சண்டைதான். இந்தக் கட்டுரையில் வேறாகச் சொல்லாத இடமெல்லாம் மொத்த எடைக் கணக்கு.

மானியை எங்கே குத்துவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டையின் வெட்டுமுனையில் குத்தினால் எப்போதும் குறைவாகக் காட்டும். நார் வழியே தண்ணீர் வேகமாக வெளியேறுவதால் முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும். ஒரு துண்டை எடுத்து இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த உட்பக்கத்தின் நடுவில், இரண்டு ஊசிகளும் நார் ஓடும் திசையில் அமையுமாறு அழுத்துங்கள். அட்டியின், அதாவது அடுக்கி வைத்த விறகின், மேல், நடு, அடி என்று ஐந்தாறு துண்டுகளிலாவது பார்க்க வேண்டும். மானி 30க்கு மேல் காட்டும் எண்ணை ‘இன்னும் பச்சை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலான துல்லியம் அதற்குக் கிடையாது.

மானி சொல்வது சரியா என்று சோதிக்க அடுமனை அடுப்பு போன்ற ஒரு மின் அடுப்பும் கிராம் தராசும் போதும். கட்டையின் முனையிலிருந்து குறைந்தது ஒரு சாண் உள்ளே தள்ளி 2 செ.மீ. கனத்தில் ஒரு வில்லை அறுங்கள். உடனே எடை போடுங்கள். 103 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்து, மறுபடி எடை போட்டு, இன்னும் இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள். எடை மாறாவிட்டால் தண்ணீர் போய்விட்டது. 312 கிராம் இருந்தது 234 ஆனால், போன தண்ணீர் 78. விறகுக் கணக்கில் 25 சதவீதம். மானிக் கணக்கில் 33. அவசரப்பட்டு மைக்ரோவேவில் வைக்காதீர்கள், வில்லை உள்ளிருந்தே கருகிப் பற்றிக்கொள்ளும்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? தண்ணீரே இல்லாத ஒரு கிலோ மரம், எந்த மரமானாலும், சுமார் 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். பிசின் மிகுந்தவை சற்றுக் கூடுதலாகத் தரும். மற்றபடி மரத்துக்கு மரம் வித்தியாசம் சொற்பம். 20 சதவீத ஈரத்தில் அது 3,500 அளவுக்கு இறங்கும். 45 சதவீதத்தில் 2,200 அளவுக்குப் போகும். அந்த ஒரு கிலோவில் மரமே குறைவு; அது தரும் வெப்பத்திலும் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. நெருப்பும் சூடு ஏறாமல் புகைகிறது. எரியாத புகை, புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படிகிறது. பின்னொரு நாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும்.

எடைக்கு விற்பதா, அளவுக்கு விற்பதா

கிலோவுக்குக் கிலோ எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே வெப்பம் தரும் என்றால் ‘நல்ல விறகு’ என்று ஒன்று எதற்கு? அடர்த்திக்காக. எடைபோட்டு விற்கும் இடத்தில் வாங்குபவரை ஏமாற்றுவது ஈரம். அடுக்கி அளந்து விற்கும் இடத்தில் ஏமாற்றுவது சோப்ளாங்கி மரமும் தளர்ந்த அடுக்கும். ஒரு கன மீட்டர் அட்டியில் மரம் 60 முதல் 70 சதவீதம்தான், மற்றது காற்று. அப்படியே கொட்டிய குவியலில் காற்று இன்னும் அதிகம். ஒரே அளவு அட்டியில் சவுக்கு இருக்கும் எடையில் இலவம் பாதிகூட வராது. ஆகவே இரண்டில் எதில் விற்றாலும் மற்றொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுவது உத்தமம்: எடைக்கு விற்றால் ஈரம் எவ்வளவு, அளவுக்கு விற்றால் என்ன மரம், அடுக்கியதா கொட்டியதா.

மரம் வாங்கும்போது எடைமேடையில் ஏற்றிய வண்டி, வெறும் வண்டி இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். வெறும் எடையைச் சீட்டில் எழுதியிருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். சுமை மேல் தண்ணீர் ஊற்றியிருப்பது, வேரோடு ஒட்டிய மண், ஒரு தடவை வண்டிக்குள் உட்கார்ந்தும் மறு தடவை இறங்கியும் நிற்கும் ஆள், இதெல்லாம் பழைய வேலைகள். வெட்டு அனுமதி, ஏற்றிச் செல்லும் அனுமதி, விற்பனைத் தராசுக்கு முத்திரை ஆகியவற்றை முன்பணம் கொடுக்கும் முன்பே உங்கள் இடத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரம் அறிதல்

இலையோடும் பூவோடும் நிற்கும் மரத்தை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தொட்டிக்கு வருவது இலையில்லாத கட்டை. அதைப் பட்டை, முனை, மணம், கனம் என்ற வரிசையில் பாருங்கள்.

முனையை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரம்பத்தின் கீறல்தான் தெரியும். கூரான கத்தியால் ஒரு விரல் அகலத்துக்குச் சீவி, எச்சில் தொட்டு ஈரப்படுத்தி, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து பட்டையை நோக்கி விசிறிபோல் ஓடும் கோடுகள் இருக்கும். ஊசிக் குத்துப்போலத் துளைகள் இருக்கும். கோடு அகலமா மெலிதா, துளை எல்லா இடத்திலும் சிதறியிருக்கிறதா வளையமாகக் கூடியிருக்கிறதா, வைரம் என்னும் கருத்த நடுப்பகுதி எவ்வளவு, அதைச் சுற்றிய வெளுத்த பகுதி எவ்வளவு என்று பாருங்கள். பெயர் தெரிந்த மரங்களில் ஒவ்வொரு வில்லை வெட்டி, பெயரும் தேதியும் எழுதி ஆணியில் மாட்டிவையுங்கள். சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க எந்தப் புத்தகத்தையும்விட அது உதவும்.

சவுக்கில் பட்டை நீளவாக்கில் நாராக உரியும். சீவிய முனையில் அந்த விசிறிக் கோடுகள் லென்ஸ் இல்லாமலே கண்ணில் படும் அளவுக்கு அகலமானவை. சவுக்கைக் காட்டிக்கொடுப்பது அதுதான். கனமான மரம், எரிந்த பின்னும் தணல் நிற்கும். பெரும்பாலும் நேராக வளர்வதால் அறுக்கவும் அடுக்கவும் சுலபம்.

சீமைக்கருவேலில் மெல்லிய மஞ்சள் ஓரத்துக்குள்ளே பழுப்பு வைரம். கணுவில் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். நிதானமாக, ஒரே சீராக எரிந்து கங்கு பிடிக்கும். அடுப்புக்கரி செய்யவும் பேர்போன மரம். குறை அதன் வளைவில்தான். கோணல் கிளைகளை எப்படி அடுக்கினாலும் காற்றே அதிகம், ஆகவே இதை எடைக்குத்தான் வாங்க வேண்டும், எடைக்குத்தான் விற்க வேண்டும். முள் செருப்பையும் டயரையும் துளைக்கும். சுள்ளியைக் களத்திலேயே கழித்துவிட்டு ஏற்றுங்கள்.

புளி எரியத் தொடங்கினால் அதன் சூட்டுக்கு நிகர் குறைவு. ஆனால் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பிளப்பவரின் இடுப்பை ஒடித்துவிடும். வயதான மரத்தின் நடுவில் கருஞ்சிவப்பாய், ஊதா கலந்த வைரம் தெரியும். புளியங்கட்டையை மலிவாகக் கேட்டு வாங்கலாம்; பிளக்கும் கூலியைச் சேர்த்துப் பார்க்கும்போது மலிவு பறந்துவிடுகிறதா என்று முதலில் ஒரே ஒரு கட்டையைப் பிளந்து தெரிந்துகொள்ளுங்கள்.

தைல மரம் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உதிர்க்கும். வெட்டியதும் வாசனையே சொல்லிவிடும். இதற்கு ஒரே ஒரு விதி: பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். காயவிட்டால் இறுகி, கோடரியைத் திருப்பி அனுப்பும். வேம்பு நடுத்தரம், சிவந்த வைரமும் தனி மணமும் உண்டு. மா மரமும் நடுத்தரமே. ஆனால் அது சேராங்கொட்டை, முந்திரி இவற்றின் குடும்பம், பாலும் பிசினும் சிலருக்குத் தோலை அரிக்கும், பச்சையில் எரித்தால் புகை கண்ணைக் கரிக்கும். இலவம், முருங்கை, கல்யாண முருங்கை போன்றவை காய்ந்தால் பஞ்சு. அடுப்பு மூட்டும் சிறாய்க்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தென்னை, பனைக்கு ஆண்டு வளையமோ விசிறிக் கோடோ இல்லை, புள்ளி புள்ளியாக நார்க்கற்றைதான். வெளிச்சுற்று கெட்டி, நடு மென்மையான சோறு. பைன் வகையில் பிசின் மணம் தூக்கும்; பற்றவைக்க அருமையான மரம், ஈரத்தோடு எரித்தால் புகைபோக்கிக்குக் கேடு.

பெயரே தெரியாத கட்டையா? காய்ந்த துண்டின் எடையையும் தண்ணீரில் அது எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதையும் பார்த்தால் விலை வைக்கப் போதும். எரிப்பதற்குத்தான் பெயர் வேண்டும். காரணம் கீழே.

எரிக்கக் கூடாதவை

தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அதன் புகையும் ஆகாது. அரளி முழுக்க நஞ்சு. அதன் குச்சியும் சமைக்கும் அடுப்புக்கு வரக் கூடாது. சேராங்கொட்டை மரத்தின் சாறு தோலைக் கொப்புளிக்க வைக்கும். கள்ளி வகை பாலும் அப்படியே. இவை கலந்த சுமை வந்தால் பிரித்துத் தள்ளுங்கள். உங்கள் ஆட்கள் வெறுங்கையால் தொடக் கூடாது.

பழைய மரம் மலிவாகக் கிடைக்கும். அதில்தான் கண் அதிகம் வேண்டும். பச்சைச் சாயல் ஏறிய வேலிக் கம்பமும் வெளிப்புறப் பலகையும் செம்பு, ஆர்சனிக் உப்பு ஏற்றியவையாக இருக்கலாம். எரித்தால் சாம்பலிலும் புகையிலும் ஆர்சனிக் இருக்கும். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும். பெயின்ட் அடித்தது, பிளைவுட், பசை சேர்த்த தூள்பலகை எதுவும் வேண்டாம். கடலில் மிதந்து வந்த கட்டையில் உப்பு. அது அடுப்பின் இரும்பைத் தின்னும், நச்சுப் புகையும் தரும். சரக்குப் பலகைத் தட்டுகளில் சுட்ட முத்திரை இருக்கும்: ‘எச்டி’ (HT) என்றால் சூடேற்றிச் சுத்தம் செய்தது, எண்ணெயோ ரசாயனமோ சிந்தியிராவிட்டால் எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, தள்ளுங்கள். முத்திரையே இல்லாததையும் தள்ளுங்கள்.

வீட்டோரம், வேலியோரம் நின்ற மரத்துக்குள் ஆணியும் முள்கம்பியும் புதைந்திருக்கும். அறுத்த முனையில் நீலமும் கறுப்பும் கலந்த கறை பரவியிருந்தால் அங்கே நிறுத்துங்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்த கறை அது. சற்றுத் தள்ளி இரும்பு இருக்கிறது என்று பொருள். ஒரு ஆணி ஒரு செயினின் பற்கள் முழுவதையும் மொக்கையாக்கப் போதும்.

அறுப்பும் பிளப்பும்

வாங்குபவரின் அடுப்பு வாய்தான் நீளத்தை முடிவு செய்கிறது. வீட்டு அடுப்புக்கு 30 செ.மீ., பெரிய அடுப்புகளுக்கு 40 முதல் 60, கொதிகலன் வைத்திருப்பவர் கேட்கும் நீளம் தனி. ஒரு குச்சியை அந்த நீளத்துக்கு வெட்டி வைத்து, கட்டை நெடுக அளந்து சாக்பீஸில் கோடு போட்ட பிறகே அறுங்கள். கண் மதிப்பில் அறுத்தால் அட்டி நிற்காது. நீளம் கூடிய துண்டு திரும்பி வரும்.

செயின்சாவுக்கு எண்ணெய்க் கலவை பெரும்பாலும் 50க்கு 1, லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூஸ்ட்ரோக் எண்ணெய், கருவியின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் செயின் எண்ணெயையும் நிரப்புங்கள். செயின், அது சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரின் அடியில் தொங்கக் கூடாது, கையுறைக் கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கி இறுக்கும்.

கூர் மழுங்கியதை அறிய விழும் தூளைப் பாருங்கள். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மாவாகக் கொட்டினால் அரம் எடுக்க வேண்டிய நேரம். சாதாரணமாக வரும் முக்கால் அங்குலத்தில் பாதி (3/8) பிட்ச், அதாவது கண்ணி இடைவெளி, உள்ள செயினுக்கு 5.2 மி.மீ. உருளை அரம், பெரும்பாலும் 30 டிகிரி சாய்வில், முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைந்தால் அந்தப் பக்கத்துப் பற்கள் நீளத்திலோ கூரிலோ வேறுபட்டிருக்கின்றன.

பார் நுனியின் மேல்பாதி எதிலும் படக் கூடாது. பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். இரு முனையும் தாங்கி நிற்கும் கட்டையை மேலிருந்து முழுவதும் அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்வும்: மேலே மூன்றில் ஒரு பங்கு, மீதியைக் கீழிருந்து. ஒரு முனை தொங்கும் கட்டைக்கு இதைத் திருப்பிச் செய்யுங்கள். தலைக்கவசம், முகவலை, காதடைப்பு, செயின்சாவுக்கென்றே நெய்த காற்சட்டை, கெட்டி பூட்ஸ் இவற்றை இயந்திரத்தின் விலையோடே சேர்த்து எண்ணுங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டவை வாங்கப்படுவதில்லை.

கோடரியால் பிளப்பதில் பருமனான கட்டையின் நடுவில் அடிப்பது வீண். ஓரத்திலிருந்து பலகை பலகையாகக் கழற்றி வாருங்கள். முனையில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் வழியே அடியுங்கள். கவட்டைக் கட்டையை, இரண்டு கிளைகளின் நடுப்புள்ளிகளையும் சேர்க்கும் கோட்டில் பிளந்தால் கொடுக்கும். இரண்டுக்கும் இடையில் அடித்தால் கொடுக்காது. அடிக்கட்டையின் மேல் பழைய டயரைக் கிடத்தி அதற்குள் கட்டையை நிறுத்தினால், பிளந்த துண்டுகள் சிதறாது, குனிந்து நிமிரும் வேலையும் பாதியாகும். ஆப்பின் தலை காளானாக விரிந்திருந்தால் சாணைபிடித்துச் சீர்செய்யுங்கள். அந்த விளிம்பு சம்மட்டி அடியில் உடைந்து தோட்டாவாகப் பறக்கும்.

ஹைட்ராலிக் பிளப்பான் வாங்கினால், நேர்நாராக 20–25 செ.மீ. பருமன் வரைக்கும் 7–8 டன் அழுத்தம் போதும். புளிபோல் பின்னிய மரம் மிகுதி என்றால் 20 டன்னுக்குக் குறையாமல் பாருங்கள். இயந்திரத்தில் ஒருவர்தான் நிற்க வேண்டும். ஒருவர் கட்டை வைக்க, மற்றவர் நெம்பியை இழுக்க என்று இரண்டு பேர் வேகமாகச் செய்யும்போதுதான் விரல் போகிறது. இரண்டு கையாலும் அழுத்தினால் மட்டும் ஓடும் பூட்டை எக்காரணம் கொண்டும் கம்பி கட்டி முடக்காதீர்கள்.

அட்டி போடுவது

பிளந்த பின் அடுக்குங்கள். முழு உருளையாக அடுக்கினால் பட்டை தண்ணீரை உள்ளேயே பூட்டி வைக்கும். தரையிலிருந்து 10–15 செ.மீ. உயரத்தில் கல் அல்லது கட்டை மேல், கரையான் ஏறாமலும் அடியில் காற்று ஓடும்படியும். ஒற்றை வரிசை, 1.2 மீட்டர் உயரம், இரு கோடியிலும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய தூண். வரிசைக்கு வரிசை ஆள் நுழையும் இடைவெளி. மேலே மட்டும் தகரமோ ஓலையோ. பக்கங்களையும் சேர்த்துத் தார்ப்பாயில் சுற்றுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு: உள்ளே வியர்த்து, பூஞ்சை வெளுத்து, அடிவரிசை இற்றுப்போகும். பூஞ்சை படர்ந்த அட்டியைக் கலைக்கும்போது முகமூடி அணியுங்கள்.

இடக் கணக்கு இப்படி. மாதம் 10 டன் காய்ந்த விறகு விற்க வேண்டும், காய நான்கு மாதம் ஆகிறது என்றால் எப்போதும் 40 டன் அட்டியில் இருக்க வேண்டும். அடர்ந்த மரம் கன மீட்டருக்கு 500 கிலோ என்றால் 80 கன மீட்டர். 40 செ.மீ. ஆழம், 1.2 மீட்டர் உயரம் உள்ள வரிசையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.48 கன மீட்டர் நிற்கும்; ஆக சுமார் 167 மீட்டர் வரிசை. பத்து மீட்டர் நீளத்தில் 17 வரிசை, இடைவெளியோடு 170 சதுர மீட்டர். வண்டித் தடம், அறுக்கும் இடம், பச்சை மரம் இறக்கும் இடம் சேர்த்தால் அதைப்போல் இரு மடங்கு. நான்கு மாதச் சரக்கில் முடங்கும் பணமும் முதலீட்டில் சேர்த்தி. தொடங்குகிறவர்களின் கணக்கேட்டில் இந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

நான்கு மாதம் என்பதும் ஊகம்தான். வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் மெலிந்த பிளவு இரண்டு மூன்று மாதத்தில் தயாராகும். குளிர்ந்த ஈரநாட்டில் தடித்த கட்டைக்கு ஒன்றிரண்டு ஆண்டு பிடிக்கும். நாட்காட்டியை நம்பாமல், ஒவ்வொரு அட்டியிலும் ஐந்து துண்டுக்குப் பெயின்ட் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். ஒரு வாரத்தில் எடை 1 சதவீதத்துக்கும் குறைவாக இறங்கினால் அந்தப் பருவத்தில் அதற்கு மேல் காயாது. காற்றின் ஈரம் நாள்தோறும் 90 சதவீதத்தில் நிற்கும் மழைமாதங்களில் விறகும் மானிக் கணக்கில் 20க்குக் கீழே இறங்க மறுக்கும். அட்டி போட்டதில் தவறில்லை. மழைக்கு விற்பதை வெயிலிலேயே காயவைத்து உள்ளே ஏற்றிவிட வேண்டும்.

அட்டி போட்ட தேதி, மரம், பச்சை எடை மூன்றையும் ஒரு தகரத்தில் எழுதி அந்தந்த வரிசையில் தொங்கவிடுங்கள். பழைய வரிசை முதலில் போக வேண்டும். துளைப்பூச்சி மாவு உதிரும் சரக்கைத் தனியே வைத்து முதலில் விற்றுவிடுங்கள், தொலைதூரத்துக்கு அனுப்பாதீர்கள்; விறகோடு பூச்சியும் ஊர் மாறும். மரத்தூளை ஈரத்தோடு பெரிய குவியலாக விடாதீர்கள், அது தானே சூடேறிப் புகையும். பெட்ரோல் கேன் அட்டிப் பக்கம் வரக் கூடாது.

விறகு புகைகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் தொலைபேசியில் வாதாடாமல் ஒரு கோடரியும் மானியும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கையாலேயே ஒரு துண்டை எடுக்கச் சொல்லி, அவர் முன்னால் பிளந்து, நடுவில் குத்திக் காட்டுங்கள். மானியின் எண் 25க்குள் (விறகுக் கணக்கில் 20) இருந்தால் குறை அவருடைய அடுப்பிலோ புகைபோக்கியிலோ, அல்லது விறகை வெளியே மழையில் வைத்ததிலோ இருக்கிறது. அதற்கு மேல் இருந்தால் அந்தச் சுமையை மாற்றிக் கொடுத்துவிட்டு, அது எந்த வரிசையிலிருந்து போனதோ அதில் ‘இன்னும் ஒரு மாதம்’ என்று எழுதிவையுங்கள்.